செண்பகத்துக்கு வந்த உத்தரவு

கூட்டேரிப்பட்டு,
30-7-1967.

அன்பு மகன் சுப்பராயலுவுக்கு, மயிலத்து முருகனை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. எல்லையில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் மனைவி செண்பகம் சுகம். என் சுகத்தை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கழுத்துக் கட்டிக்காக வியாழக்கிழமைதோறும் சென்னைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு அன்றே திரும்புகிறேன். ஆறு ஊசி ஆயிற்று. கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. ஊசி போட்ட அன்றும் மறுநாளும்தான் பாடு. தாளிக்கிற வாசனை வந்தாலே எனக்குக் குமட்டுகிறது என்று செண்பகம் அடுப்பையே கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டாள். தலைமுடியும் கொட்டிவிட்டது. நீ வரும்போது அடையாளம் தெரியாமல் நின்றுவிடாதே.

முதல் ஊசி அன்று திரும்பும் ரயிலில், செங்கல்பட்டு தாண்டியதும் வாந்தி எடுத்தேன். எதிரில் இருந்தவர்கள் முகம் சுளித்து எழுந்தார்கள். செண்பகம் தன் முந்தானையிலேயே ஏந்திக்கொண்டாள். "எங்க அப்பாவுக்கு ஒடம்பு முடியல, கொஞ்சம் தள்ளிக் குந்துங்க" என்றாள். வீட்டில் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அன்று அப்பா என்று சொன்னதை அவள் கவனித்தாளோ இல்லையோ, நான் கவனித்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு அவள் வேலைக்குக் காத்திருந்தது உனக்குத் தெரியும். பத்தொன்பதாம் தேதி ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அவள் புடவைக்கு அடியில் ஒரு சர்க்கார் கவர். இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், வல்லத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, இருபத்துநாலாம் தேதிக்குள் சேர வேண்டும் என்று உத்தரவு. வந்து பத்து நாளாகியிருக்கிறது. மூச்சு விடவில்லை. கேட்டதற்கு, "வேல இன்னொண்ணு வரும் மாமா. உங்கள யாரு பட்டணத்துக்கு இட்டுக்கினு போவாங்க?" என்றாள். எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

மறுநாள் திண்டிவனம் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றது. நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. "நீ வேலைக்குப் போறேன்னு சொல்லு, ஏறுறேன்" என்றேன். "ஜல்தியா ஏறுங்க மாமா, வெளையாடாதீங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கார்டு விசில் ஊதினார். நான் அசையவில்லை. அந்த வார ஊசி போய்விடுமோ என்று எனக்கும் உள்ளூர பயம்தான். வண்டி நகரத் தொடங்கியதும், "போறேன் மாமா, போறேன்! மொதல்ல ஏறுங்க!" என்று கத்தினாள். கடைசிப் பெட்டியில் இருந்தவர்கள் எங்கள் இருவரையும் தூக்கித்தான் போட்டார்கள். மதுராந்தகம் வரை அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

ஆடி மாதத்தில் யாராவது வேலைக்குச் சேர்வார்களா என்று திண்டிவனத்து வீரம்மாள் அத்தை குறைப்பட்டாள். சர்க்காருக்கு ஆடி ஏது, ஆவணி ஏது? திங்கட்கிழமை நானே துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு செண்பகத்தை பஸ்ஸில் கூட்டிப் போனேன். உள்ளே கையெழுத்துப் போட்டு வகுப்புக்குப் போனாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நம் வீட்டில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பிள்ளைகள் நாற்பது பேரும் அவளோடு சேர்ந்து சொன்னதைக் கேட்டபோது, அன்றைக்கு எனக்கு நோவு இருந்ததே தெரியவில்லை.

இந்த வியாழன் அத்தைதான் துணைக்கு வந்தாள். "ஊசிய பதமா போடும்மா, எந்தம்பி சின்னதுல ரொம்ப நோஞ்சான்" என்று நர்சிடம் சொல்லிவிட்டாள். அறுபது வயசுக்காரனைப் பார்த்து வரிசையே சிரித்தது. அத்தை தண்ணீர் பிடிக்கப் போனபோது, இன்னும் எத்தனை ஊசி என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மகன் எப்போது வருவான் என்று மட்டும் கேட்டார். செண்பகத்திடம் இதைச் சொல்லவில்லை. நீயும் எழுதாதே.

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. வேலையில் சேர்ந்ததற்கு உனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று விரிவாக எழுது. "அப்பாவை விட்டுவிட்டுப் போகிறாயா" என்று ஒரு வரி தவறி எழுதினாலும் மறுநாளே ராஜினாமா கொடுத்துவிடுவாள். பாதி உடம்பு வேதனை எனக்கு அதை நினைத்துத்தான்.

தைக்கு லீவில் வருவதாக எழுதியிருந்தாய். ஐப்பசியிலேயே கிடைக்குமா என்று உன் அதிகாரியைக் கேட்டுப் பார். வேறொன்றும் இல்லையப்பா, மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்கிற சமயம், ஆள் கிடைப்பதில்லை. நீ வந்தால் ஒத்தாசையாக இருக்கும்.

நீயும் அவளும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
சக்கரபாணி.