ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன்

மார்ச் 4, 2025, செவ்வாய்
மஸ்கட் ஆஸ்பத்திரி நேர்காணல் போச்சு. குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்று சொன்ன ஒரே இடம்! டயாலிசிஸ் பிரிவில் ஒன்பது வருடமாக நர்ஸ் நான். கம்ப்யூட்டர் திரையில் நேர்காணல் எடுத்த அம்மா அனுபவத்தைக் கேட்டதும், "ஐ வொர்க்ட் ஃபார் நைன் இயர்ஸ்" என்றேன்.
"வொய் டிட் யூ லீவ்?"
லீவு எடுத்ததைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "டாட்டர் ஃபீவர், மேடம்" என்று சொல்லித் தொலைத்தேன். வேலையை விட்டவள் என்று எழுதிக்கொண்டார்கள். நான் எங்கே விட்டேன்? நாளைக் காலை ஏழு மணிக்கு டியூட்டி இருக்கே!

மார்ச் 6, வியாழன்
ஏப்ரலில் மறுபடி ஆள் எடுக்கிறார்களாம். பக்கத்து ஊர் கொட்டாரத்தில் ரேஷ்மியின் ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். பத்தே நிமிடத்தில் தப்பைப் பிடித்துவிட்டாள்.
"வொர்க்ட்னு மட்டும் சொன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்க்கா. இப்பவும் வேலை பாக்கியள்லா? ஹேவ் வொர்க்ட் சொல்லணும்."
எத்தனை வருடம் என்றால் ஃபார். தொடங்கிய வருடத்தைச் சொன்னால் சின்ஸ். நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன நேரம் வந்தால் ஹேவ் பக்கத்திலேயே வரக்கூடாது.

மார்ச் 15, சனி
வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். "ஐ ஹேவ் மேரீட் அபின் ஃபார் டென் இயர்ஸ்" என்றேன்.
ரேஷ்மி மேசையில் தலைவைத்துச் சிரித்தாள். "அக்கா, பத்து வருஷமா கெட்டிட்டே இருக்கியளா?"
ஹேவ் பீன் மேரீட் என்று சொல்ல வேண்டுமாம். வீட்டில் சொன்னால் அபின், "எட்டி, அப்போ எத்தன தாலி வாங்கணும்?" என்கிறார். மகள் பெபிஷா அர்த்தம் புரியாமலே சிரிக்கிறாள்.

மார்ச் 27, வியாழன்
ரேஷ்மி வைத்த தேர்வில் நாற்பது வாக்கியம். ஒரே தப்பு — எஸ்டர்டே பக்கத்தில் ஹேவ்.

ஏப்ரல் 10, வியாழன்
அதே அம்மா! பழைய தாளைப் பார்த்துக்கொண்டு, "யூ லெஃப்ட் யுவர் ஜாப்?" என்றாள்.
நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நோ, மேடம். ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2016. ஐ ஹேவ் நெவர் லெஃப்ட்."
"ஹேவ் யூ எவர் மேட் எ மிஸ்டேக்?"
"யெஸ். லாஸ்ட் மன்த். வித் யூ."
என் வாயா அது? அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. பிறகு அரை மணி நேரம் டயாலிசிஸ் பற்றி மட்டும்தான் கேட்டாள். அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஏப்ரல் 14, திங்கள்
கிடைச்சாச்சு!

செப்டம்பர் 12, வெள்ளி, மஸ்கட்
விடுமுறை நாள். பெபிஷாவின் பாவாடை ஜன்னலோரம் காய்கிறது. அபின் கடைத்தெருவில் மீன் தேடப் போயிருக்கிறார். அரிசி அள்ளும்போது, முந்தாநாள்வரை தனியாக இருந்த இரண்டு மாதப் பழக்கத்தில் ஒரு ஆளுக்கு அள்ளியதோடு கை நின்றுவிட்டது. இன்னும் நாலு பிடி போட்டேன்.