கடைசியாகப் படித்தவர் முதலில் பேச வேண்டும்

என் செல்ல மலரு,

அந்த நாவலை முடித்துவிட்டோம். முடிவைச் சொல்லட்டுமா? சொன்னால் சண்டைக்கு வருவாயே!

நான், ரேவதி, யாஸ்மின், நீ. நான்கு பேருக்கும் ஒரே புத்தகம். கடைசியாகப் படிப்பவர் முதலில் பேசும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. சட்டம் போட்டவளும் நீ, கடைசி இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டவளும் நீ. இந்த முறை கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கும்போதே, காய்ச்சல் என்று அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாய். அப்படிப் போனவள் போனவள்தான். எங்களை இப்படி ஊமையாக்கிவிட்டுப் போகலாமா?

உன் காரியம் முடிந்த மறுவாரம் மூவரும் உடையார்பாளையம் போனோம். உன் அம்மா, என் சித்தி, வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டே இருந்தாள். நீ போன நாளிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

புத்தகத்தைத் திருப்பி எடுத்துப்போகவா என்று கேட்டேன்.

"எம்மவ வுட்ட எடத்துலேருந்து படிங்கடி, நானும் கேக்குறேன்" என்றாள்.

யாஸ்மின் படித்தாள். அந்த பிளஸ் டூ பையன் பிழைக்கவில்லை, மலரு. அக்காக்காரி அழுகிறாள், கூடப் படித்த பிள்ளைகள் அழுகிறார்கள், வாத்தியார்கூட அழுகிறார். அதோடு கதை முடிகிறது. சித்தி டம்ளரைக் கையில் பிடித்தபடி அடுப்படி வாசலில் நின்றே கேட்டாள். யாஸ்மின் புத்தகத்தை மூடியதும் நாங்கள் மூவரும் சித்தி முகத்தையே பார்த்தோம். இப்போது கடைசி ஆள் அவள்தானே?

"கத எழுதுனவன் எல்லாரையும் அழ வச்சான். பெத்தவள மட்டும் வந்தவங்களுக்குக் காப்பி போட உள்ள அனுப்பிட்டானே. அவ எப்ப அழுவா?"

மூவரும் அதைப் படித்தவர்கள்தான். அந்த வரியில் எங்கள் கண் நிற்கவே இல்லை.

டம்ளர் கீழே விழுந்தது. சித்தி அப்படியே உட்கார்ந்து, உன் பேரைச் சொல்லி அழுதாள். தடுக்க மனமில்லாமல் கூடவே அழுதோம். வெகுநேரம் கழித்து ரேவதி சொன்னாள், "நான் செந்துறை பஸ்லயே அழுதுட்டேன் சித்தி. கண்டக்டர் டிக்கெட்டத் தொலைச்சிட்டியாம்மான்னு கேட்டாரு." சித்தி லேசாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி அழுதாள்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அதைத்தான் தினமும் யோசிக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் வீட்டுக்குப் போவேன். யார் வந்தாலும் டீ நான் போடுவேன். உன் அம்மா உட்கார்ந்திருக்கட்டும்.

உன் பெரியம்மா மகள்,
கவிதா அக்கா