எமிலி அக்காவின் மயில்கழுத்துச் சேலை

என் பிரியமுள்ள எமிலி அக்கா,

நம் அறைக்குப் புது ஆள் வரப்போகிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாம். அலமாரியில் உன் தட்டைக் காலி செய்யச் சொல்லி ஹாஸ்டல் வார்டன் சேச்சி நச்சரித்தாள். உன் தம்பி வந்து கடிகாரத்தையும் பைபிளையும் எடுத்துக்கொண்டு போனார். சேலைகளை மட்டும், "எல்லாம் பழசுதானே, ஆருக்காவது குடுத்திரும்மா" என்று விட்டுவிட்டார்.

பழசுதான். ஆனால் ஒவ்வொன்றும் பழவங்காடி நடைபாதைப் பழைய துணிக் கடையில் நீ குவியலுக்குள் கைவிட்டுத் தேடி எடுத்தது. வாரம் முழுக்கக் கடை யூனிஃபார்மில் நின்று ஊராருக்குப் புதுப்பட்டு விரித்துக் காட்டுகிறவர்கள் நாம். ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச் முடிந்து வந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போவாய். சேலையை வெயிலில் தூக்கிப் பிடித்து, மடிப்பில் நூல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பாய். "ஆரோ உடுத்து மெதுவாக்கித் தந்திருக்கா, கேட்டியா பிள்ளே. புதுசுன்னா மேலெல்லாம் குத்தும்."

அந்தக் கிறிஸ்துமஸ் நினைவிருக்கிறதா? மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாய். நானும் கூட வந்தேன். சர்ச் வாசலில் ஓர் அம்மா, "புதுசா எமிலி?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீயோ, "இல்ல, பழவங்காடியில வாங்குன பழசு. நல்லாருக்கு, அல்லே?" என்றாய். அந்த அம்மா கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எந்த இடம் என்று மெல்ல விசாரித்தாள்.

ஓணத்துக்கு முந்தின வாரம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன் தம்பிக்குச் சொன்னது நான்தான். உன்னைச் சொந்த ஊர் களியக்காவிளைக்குக் கொண்டுபோனபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. உன்னைக் குழிக்குள் இறக்கிய நேரத்தில் நான் ஒரு கல்யாண வீட்டாருக்குப் பட்டு விரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். வேறென்ன செய்திருக்க முடியும் அக்கா?

போன ஞாயிறு உன் சேலைகளை மூட்டையாகக் கட்டினேன். ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாம் என்று உடுத்திப் பார்த்தேன். குனிந்து கொசுவத்தை இழுத்துவிட ஆள் இல்லை. கழற்றி மடித்து மூட்டையில் வைத்து, பழவங்காடிக்கு எடுத்துப்போனேன்.

நடைபாதைக் கடை மாரியம்மா என்னைப் பார்த்ததும், "என்ன மோளே, ஒத்தைக்கு வந்திருக்கே? சேச்சி எங்கே?" என்றாள்.

"போயிட்டாங்க."

"ஊருக்கா?"

"இல்ல."

அவள் என் கையிலிருந்த மூட்டையை வாங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினாள். விட்டுவிட்டு வர எனக்குக் கால் எழவில்லை. ஆட்களோடு ஆளாக நின்றேன்.

உன் வயதுதான் இருக்கும், ஒரு பெண் வந்து மயில்கழுத்துச் சேலையை எடுத்தாள். தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம், "எனக்கு இது சேருமா பிள்ளே?" என்று கேட்டாள்.

"சேரும்க்கா. உள்தலைப்புல ஒரு தையல் இருக்கு. உள்ள செருகிட்டா தெரியாது."

"நீ பிரிச்சே பாக்கல்ல. ஒனக்கு எப்படித் தெரியும்?"

நான் சேலையை மடித்து மாரியம்மாவிடம் நீட்டினேன். மாரியம்மா அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் பொதியை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். கிழக்கேகோட்டையில் அவள் ஏறியது களியக்காவிளை பஸ். பஸ் திரும்பி மறையும்வரை நின்றிருந்தேன். அன்றைக்கு இந்த ஊரில் எனக்குப் பேச ஒருவரும் இல்லை.

அடுத்த ஞாயிறு நானும் அதே பஸ்ஸில் ஏறப்போகிறேன். கல்லறைக்கு வழி எப்படி என்று உன் தம்பியிடம் கேட்டுவைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பழவங்காடிக்குத் தனியாகப் போய், நானே ஒரு சேலை பொறுக்கி, அதைக் கட்டிக்கொண்டு வருவேன். எப்படி இருக்கிறது என்று நீ சொல்லமாட்டாய். இருந்தாலும் கொஞ்ச நேரம் உன் முன்னால் நிற்பேன்.

ஒரே அறையில் இருந்து உனக்குத் தங்கச்சியாகிப்போன,
மாரிச்செல்வி