ஹெட்லைட்டில் வெளிச்சம் போதவில்லை

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் தூறல். பிறகு கொஞ்சம் வெயில். இந்த மாதத்தில் எல்கடுவையில் வெயில் என்றால் பெரிய விஷயம். காரை வெளியே எடுத்துக் கழுவினேன்.

முதலில் கூரை, அப்புறம் கண்ணாடி, கடைசியில் சக்கரம். சக்கரம் துடைத்த துணியை மேலே கொண்டுபோகக் கூடாது, மண் கீறிவிடும். இடது பக்கம் புதுக் கீறல் இரண்டு. ஒன்று பின் கதவிலிருந்து முன் சக்கரம் வரை நீளம். ராஜி படிப்பிக்கிற பள்ளிக்கூட வாசலில் ஓட்டோக்காரர்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவன்கள் வேலையாகத்தான் இருக்கும்.

ஒயில் – சரி. ரேடியேட்டர் தண்ணி – குறைவு, ஊற்றினேன். பெட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது, சுடுதண்ணி விட்டுத் தேய்த்தேன். கால்மிதியைத் தூக்கினால் பூஞ்சண வாடை. அடியில் ஒரு அட்டை, சுருண்டபடி, உயிரோடு. உப்புப் போட்டேன்.

முக்கிய வேலை ஹெட்லைட். விடியுமுன் மலை இறங்கும்போது வெளிச்சம் போதவே இல்லை. மேல் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. பற்பசை வைத்து, பழைய சாரத் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனால் பளிச்.

ராஜி வாசலில் நின்று, "காருக்குப் பல்லு வெளக்கி முடிஞ்சுதா? வந்து சாப்புடுங்க."

ஜனவரி 6, திங்கள்

மூடுபனி. இருட்டோடு புறப்பட்டோம். பஸ்ஸை நம்பினால் ராஜிக்கு முதல் பாடம் போய்விடும். அதனால் மாத்தளைக்குக் கொண்டுபோய் விட்டு, தோட்ட ஒபீஸ் திறக்கிற நேரத்துக்குத் திரும்பி வருகிறேன். எத்தனை வருஷம் ஓடிய ரோடு.

ஹெட்லைட் அப்படியேதான். எதிரே ஒரு மரக்கறி லொறி வந்தது, கண்ணாடி முழுக்க வெள்ளை. நிறுத்திவிட்டேன். லொறிக்காரன் சிங்களத்தில் ஏதோ ஏசிக்கொண்டு போனான்.

ராஜி மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யோசித்துப் பார்த்தால் லைட் இல்லை, கண்ணாடிதான். உள்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று படியும், வெளியிலிருந்து எவ்வளவு கழுவினாலும் போகாது. சாயங்காலம் வினாகிரியும் தண்ணியும் கலந்து, பழைய பேப்பரால் உள்ளே துடைத்தேன். பேப்பர் கறுத்தது. ஒரு திருப்தி.

ஜனவரி 8, புதன்

மழை. நேற்றும் இன்றும் அதே கதை. உக்குவளை கராஜில் நிறுத்தினேன். வைப்பர் றப்பர் இரண்டும் மாற்றினேன். பழையது ஓரத்தில் நார் நாராகப் போயிருந்தது உண்மை.

பல்பையும் மாற்றச் சொன்னேன். மெக்கானிக் சமன் பாஸ் சுவருக்கு முன்னால் காரை நிறுத்தி, லைட்டைப் போட்டு, குனிந்து பார்த்தான்.

"மாத்தயா, ரெண்டும் நல்லம்தானே. மாத்தத் தேவையில்ல."

"இல்ல சமன், ரோடே தெரியல. மாத்து."

மாற்றினான். "இதுக்கு மேல போட்டா எதிர்ல வாறவன் நமக்கு ஏசுவான்" என்று சிரித்தான்.

ஒபீசில் செக்ரோல் சம்பளப் பதிவில் ஒரு வரியைத் தாண்டி எழுதியிருக்கிறேன். சின்னக் கிளாக்கர் காட்டினான். தூக்கம் சரியில்லை என்றேன்.

ஜனவரி 10, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலை, கோயில் வளைவு. புது பல்ப், புது வைப்பர், சுத்தமான கண்ணாடி. மெதுவாகத்தான் போனேன். ராஜி "ஐயோ, ஆளு! ஆளு!" என்று கத்தினாள். இடது பக்கம் டப் என்று சத்தம். பிரேக்.

மீனாச்சி. ஏழாம் நம்பர் லயத்து வரிசை வீட்டு மீனாச்சி. மாத்தளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போக, முதல் பஸ்ஸுக்காக ஓரமாக நின்றிருக்கிறாள். நடக்கவில்லை, குறுக்கே வரவில்லை. நின்றிருக்கிறாள். காரின் இடது பக்கக் கண்ணாடி அவள் குடையில் மாட்டி, குடையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. கம்பி எல்லாம் ஒடிந்து தொங்கியது. கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். அரை அடி இந்தப் பக்கம் நின்றிருந்தால்.

இறங்கி ஓடினேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. ரோட்டுல நின்னது என் தப்புங்க."

ராஜிதான் அவளைப் பிடித்து உட்கார வைத்து, தண்ணி கொடுத்து, காரிலேயே கிளினிக்குக் கூட்டிப் போகலாம் என்றாள். பின் சீட்டில் ஓரமாகத் தொத்திக்கொண்டு வந்தாள் மீனாச்சி, மாத்தளை வரை. "நல்லா சாஞ்சு உக்காரு மீனாச்சி" என்றாள் ராஜி. "இல்லிங்க டீச்சர், சீலை ஈரம். சீட்டு நனைஞ்சு போயிரும்."

சாயங்காலம் மங்கல் வெளிச்சம். காரை ஷெட் வாசலில் நிறுத்தி, ரோட்டைப் பார்க்க லைட்டைப் போட்டேன். ராஜியைக் கூப்பிட்டு என் சீட்டில் உட்கார வைத்தேன்.

"என்ன தெரியுது, சொல்லு."

"எதுக்கு இப்ப?"

"சொல்லேன்."

"கொழுந்து நிறுக்கிற மடுவம் தெரியுது. தண்ணி டேங்கு. டேங்குல சிவப்புல நம்பர் எழுதியிருக்கு. கீழ ரோட்டோரக் கானுல நாய் படுத்திருக்கு. இந்தப் பக்கம் கொழுந்துச் செடி, வேலி, வேலியில யாரோ துண்டு காயப் போட்டிருக்காங்க."

பிறகு நான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு துண்டு ரோடு. அதைச் சுற்றிப் புகை.

நாய் எங்கே என்று கேட்டேன். கையைப் பிடித்துக் காட்டினாள். அங்கே எனக்கு ஒன்றுமே இல்லை.

ஜனவரி 11, சனி

மழை விட்டுவிட்டு. சின்னக் கிளாக்கரை டவுனில் ஒரு நல்ல குடை வாங்கி வரச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டு ஏழாம் லயத்துக்கு நடந்தே போனேன். படியில் ஒருமுறை தடுமாறினேன்.

மீனாச்சி குடையை வாங்க மறுத்தாள். "ஐயா ஹோர்ன் அடிச்சீங்க, எனக்குத்தான் கேக்கல. காது கொஞ்சம் மந்தம்."

"நான் ஹோர்ன் அடிக்கல. உன்னைப் பாக்கவே இல்ல மீனாச்சி."

"விடுங்கய்யா. பனி அப்படி."

நான் சொன்னதை அவள் ஏற்றுக்கொள்ளவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து, "ஐயா நெதானமா ஓட்டுறவரு" என்றாள். தேத்தண்ணி கொடுத்தார்கள். கோப்பைக்குக் கை நீட்டினேன், பக்கத்தில் இருந்த தட்டை இடித்தேன். யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

காரைக் கழுவவில்லை. மகள் கவி கொழும்பிலிருந்து போன் பண்ணினாள். ராஜி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மகள் அழுதாள், பிறகு ஏசினாள், பிறகு கண்டியில் ஒரு கண் டொக்டரிடம் வியாழக்கிழமைக்கு நம்பர் எடுத்துவிட்டு மறுபடி பேசினாள்.

"அப்பா, வெள்ளெழுத்தா இருக்கும். இல்லாட்டி கெட்டரெக்ட். சின்ன ஒபரேஷன். எல்லாரும் செய்றாங்க."

அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். மனதுக்குள் கெட்டரெக்ட்டுக்கு வேண்டுதல் வைக்கிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

லைசன் இந்த வருஷம் புதுப்பிக்க வேண்டும். மெடிக்கல் இருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பால் பொங்கியது. ராஜி காருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். வழக்கமாக நான் சாவி போட்டு ஒருமுறை ஹோர்ன் அடிப்பேன். அடிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்

கண்டி. பஸ்ஸில் போனோம். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வந்தும் ரோடு முழுசாகத் தெரியவில்லை, பார்த்த இடம் மட்டும்தான் தெரிந்தது. எவ்வளவு நாளாக இப்படி என்று டொக்டர் கேட்டார். தெரியாது.

ஒரு பெட்டிக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடினார்கள். கையில் ஒரு பட்டன். நர்ஸ் பிள்ளை தமிழ். "நடுவுல பாருங்க ஐயா. அங்கங்க சின்னச் சின்ன லைட் வரும். தெரிஞ்சா அமுக்குங்க."

வலது கண்ணுக்குக் கொஞ்சம் வந்தது. அமுக்கினேன். பிறகு இடது கண். காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மெஷின் ஏதோ கட கட என்றது. இன்னும் காத்திருந்தேன். கழுத்து வலித்தது.

"மிஸ், எப்ப தொடங்கும்?"

அவள் கண் மறைப்பை எடுத்துவிட்டாள்.

"முடிஞ்சிருச்சு ஐயா."

டொக்டர் நல்ல மனுஷன். படம் காட்டினார். கறுப்பு நிறைய. குளோக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துவிடும், வலிக்காது, ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். போனது திரும்பாது. சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றத்தான். காப்பாற்றும் என்றுகூடச் சொல்லவில்லை, "பார்ப்போம்" என்றார்.

ராஜி கேட்டாள், "ஒபரேஷன் ஒண்ணும் இல்லீங்களா?" பிறகு வேறு மாதிரி அதையே கேட்டாள். பிறகு மறுபடியும்.

வாகனம்? என்று நான் கேட்டேன். டொக்டர் கூடாது என்று தலையை ஆட்டினார். ஆட்டியது எனக்குத் தெரிந்தது. அது நடுவில் இருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

ராஜி முதல் பஸ்ஸில் போனாள். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன், டோர்ச் பிடிக்கிறேன் என்று. வடிகால் கானில் கால் விடப் பார்த்தேன், அவள்தான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பஸ் வந்தபோது ஏறாமல் நின்றாள்.

"நீங்க எப்படித் தனியாத் திரும்பிப் போவீங்க?"

"போவேன். ஏறு."

வெளுக்கும் வரை கோயில் மதிலில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் வரவுப் பதிவில் நேரம் முடிந்து சிவப்புக் கோடு கீறிய பிறகுதான் அவள் கையெழுத்து. அதிபர் ஏறிட்டுப் பார்த்தாராம்.

இரவுச் சாப்பாட்டில் சொன்னாள், "போன வருஷத்துலேருந்தே பயந்துக்கிட்டுத்தான் வந்தேன். நீங்க இடது பக்கம் ஒதுக்குறப்பல்லாம் எங் காலும் சேந்து பிரேக் அமுக்கும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மொகம் சுண்டிப் போவீங்க. அதான் கந்த சஷ்டிக் கவசம் சொல்லிக்கிட்டு வந்தேன்."

அவள் முணுமுணுப்பது எனக்குக் கேட்டிருக்கிறது. பாடம் மனப்பாடம் பண்ணுகிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

தெளிவான நாள். ராஜிக்குக் கார் பழக்கலாம் என்று கவியின் யோசனை. தொழிற்சாலை முற்றம், லீவு நாள், யாரும் இல்லை. நடந்து போய்ச் சாவியைச் சின்னக் கிளாக்கரிடம் கொடுத்து, அவனை விட்டுக் காரைக் கொண்டுவரச் செய்தேன். என் காரை அடுத்தவன் ஓட்டி வர, நான் ஓரமாக நின்று பார்த்தேன். கியரை உதைத்து உதைத்துப் போடுகிறான்.

ராஜி உட்கார்ந்தாள். கிளட்ச், கியர், மெதுவாக விடு. துள்ளி நின்றது. மறுபடி. துள்ளி நின்றது. அப்புறம் திடீரென்று ஓடியது.

"இடது பக்கம் பாத்துப் போ" என்றேன்.

"நீங்க பாருங்க, நான் ரோட்டைப் பாக்கிறேன்" என்றாள், அவசரத்தில்.

சொல்லி முடித்ததும் காரை அப்படியே நிறுத்தினாள். இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தோம். எஞ்சின் நின்றுவிட்டது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள்.

"எனக்கு இந்த வயசுல வராதுங்க. விட்டுருங்க."

விட்டுவிட்டோம்.

ஜனவரி 22, புதன்

மழை. கவி: வித்துருங்கப்பா, நிக்கிற வாகனம் கெட்டுப்போகும். உண்மைதான். டயர் ஒரே இடத்தில் அழுந்தும், பெட்டரி இறங்கும், எலி வயரைக் கடிக்கும். பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டு ராஜி எழுதிப் போட்டிருந்தாள். கணக்கு டீச்சருக்கு வெற்றிடம் இல்லையாம்.

ஷெட்டில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டேன். உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஹீட்டரில் கண்ணாடி தெளிந்தது. முன்னால் ஷெட் சுவர்.

சொட்டு மருந்து எரிகிறது. காலை ஒன்று, இரவு ஒன்று. முதல் சொட்டு கன்னத்தில்தான் விழுகிறது.

ஜனவரி 26, ஞாயிறு

வெயில். நாளைக்கு ஒரு ஆள் கார் பார்க்க வருகிறார், நாவுலையில் தோட்டம் செய்பவர். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று கழுவினேன். அவசரப்படாமல். கூரை, கண்ணாடி, கதவுகள், பம்பர், சக்கரம். சீட் உறைகளை வெளியில் எடுத்துக் காயவைத்து, கால்மிதிக்கு அப்பச்சோடா தூவித் தட்டினேன். மெழுகு போட்டேன். கடைசியாகச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு இடம் விடவில்லை. நல்ல வேலை செய்தால் வருகிற அசதி.

சாப்பிட்டுக் கொஞ்சம் சாய்ந்தேன். தண்ணிச் சத்தம் கேட்டு எழும்பினேன். வெளியே ராஜி, வாளியும் துணியுமாக. என்னைப் பார்க்கவில்லை. இடது பக்கம் கீழே குந்தியிருந்தாள். கதவுக்கு அடியில், சக்கரத்துக்குப் பின்னால், பம்பர் மூலையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிழிந்தாள். செம்மண் தண்ணி ஓடியது.

சத்தம் போடாமல் உள்ளே வந்து மறுபடி படுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். கை ஈரம்.

"எங்க போன?"

"ரோசாச் செடிக்குத் தண்ணி ஊத்தினேன்."

"காரு பாத்தியா?"

"பாத்தேன். பளபளன்னு இருக்கு."