குசினி யன்னலால் கண்டது

மெரிலேண்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மிருணாளினிக்கு,

நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் மருமகனும் குழந்தையும் ரொறன்ரோக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் பக்கத்துக் கதிரையில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார், உனக்குத் தெரியும்தானே. அவருக்கு முழங்கால் வலி குறையவில்லை, விசாவும் பதின்மூன்று வருடமாக அதே தற்காலிகம்தான்.

போன கிழமை ரிவியில் ஒரு பொலிஸ் நாடகம் போனது. கரவன் வண்டியில் வாழ்கிற ஒரு ஜிப்சிக் குடும்பம், ஊருக்கு அவர்களைப் பிடிக்காது, யாரோ கரவனுக்கு நெருப்பு வைத்துவிடுகிறார்கள். பொலிஸ் வீடு வீடாக விசாரிக்க, எல்லாம் கண்ட எதிர்வீட்டுக் கிழவி ஒன்றும் தெரியாது என்று கதவைச் சாத்துகிறாள். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அப்பா ரிவியை நிற்பாட்டிவிட்டு, இது சும்மா கதை, நீர் தேத்தண்ணியைப் போடும் என்றார்.

சும்மா கதை இல்லை, பிள்ளை. கீழ்வீட்டு இலோனாவைப் பற்றி முன்பு சொல்லியிருக்கிறேன், ஹங்கேரிக்காரி, எனக்குக் காய்ச்சல் என்றதும் சட்டி நிறைய சூப் கொண்டுவந்தவள். அவர்களும் அந்த இனம்தான், ரோமா என்று சொல்ல வேண்டும், ஜிப்சி என்றால் அவளுக்கு முகம் வாடிவிடும். மூன்று கிழமைக்கு முன் ஞாயிறு பின்னேரம் நான் குசினி யன்னலடியில் மீன் வெட்டிக்கொண்டு நிற்க, முகத்தை மூடிக்கொண்டு இரண்டு பேர் வந்து, கள்ள ஜிப்சிகளே போய்த் தொலையுங்கள் என்று கத்திக் கத்தி அவர்களுடைய வான் வண்டியைக் கம்பியால் அடித்து நொறுக்கினார்கள், தடுக்கப் போன அவள் புருஷனின் கையையும் முறித்தார்கள். பின்பக்கத்தால் ஓடும்போது ஒருவன் முகத்துணியைக் கழற்றினான். ஒன்பதாம் இலக்க வீட்டுக்காரன். என்னைத் தவிர வேறு யாரும் அதைக் காணவில்லை. நான் யன்னலைச் சாத்தினேன்.

பொலிஸ் வந்து கேட்டபோது, நாங்கள் ஒண்டும் காணேல்லை, உள்ளுக்கை நிண்டனாங்கள் என்றேன். ஊரில் ஆமியோ இயக்கமோ, துவக்கோடு யார் வந்து கேட்டாலும் சொல்லிப் பழகிய பதில், இங்கிலீசில்கூடத் தடங்கலில்லாமல் வந்தது. அந்தப் பொலிஸ் பெட்டை நன்றி சொல்லித் தன் நம்பரைத் தந்துவிட்டுப் போனாள்.

அதே பதிலை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஊரில் உன் அண்ணா யதுஷனை வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனபோது முன்வீட்டுச் சந்திரகலா தன் கேற்றடியில் நின்றவள், ஏற்றியவர்களின் முகத்தைக் கண்டவள். நான் காலில் விழுந்து கேட்க, நாங்கள் ஒண்டும் காணேல்லை அக்கா, உள்ளுக்கை நிண்டனாங்கள் என்றாள். அண்ணா திரும்பி வரவில்லை. பதினெட்டு வருடமாக அவளைத் திட்டாத நாள் இல்லை, ரொறன்ரோவில் உனக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள் என்று அறிந்ததும் அவள் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன்.

நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று கீழே போனேன். சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று அதில் சர்க்கரைப் பொங்கலும் வைத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமையே போய்விட்டார்களாம், எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. பொங்கலை ஒருவரும் வாயில் வைக்கவில்லை, கொட்டிவிட்டேன். சட்டி என்னிடமே கிடக்கிறது.

மேலே வந்து அந்தப் பொலிஸ் பெட்டையின் நம்பருக்கு அடித்தேன். வியாழன் பத்து மணிக்கு வாக்குமூலம், மொழிபெயர்க்க ஆள் வைப்பார்களாம். விசா முடிவு வரமுந்தி வாயைத் திறந்தால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் என்று அப்பா அழுகிறார். ஒன்பதாம் இலக்கத்துக்காரன் போகும்போதும் வரும்போதும் எங்கள் யன்னலைப் பார்க்கிறான். எனக்குப் பயம்தான். இனிச் சொல்லி இலோனா வரப் போவதும் இல்லை. என்றாலும் போகிறேன், என்னை மறிக்காதே.

குழந்தைக்குக் காது மூடித் தொப்பி போடு. மூவரும் தீர்க்காயுசாக இருங்கள், முருகன் துணை. ஒன்று மறந்துவிடாதே, சந்திரகலா அன்ரி வீட்டுக்கு ஒருமுறை போ. மன்னித்துவிட்டேன் என்று சொல்லாதே, அதைச் சொல்ல எனக்கு இப்போது வாயில்லை. அம்மா சுகம் கேட்டவ என்று மட்டும் சொல்லு.

உன் அம்மா,
சிவனேஸ்வரி