தாளின் பின்பக்கம்

காரைக்கால்
14.11.1988

அன்புள்ள உங்களுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மதுரையில் மழை உண்டா?

சென்ற வாரம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் கம்ப்யூட்டரோடு எங்கள் பொதுப்பணித்துறை ஆபீசுக்கு வந்தார். எங்கள் வாய்க்கால், மதகு வரைபட விவரங்களையெல்லாம் சாஃப்ட்வேரில் ஏற்றிவிட்டாராம். சரியென்று நான் கையெழுத்துப் போட்டால் பழைய தாள்களைக் கழித்துவிடலாமாம். பேனாவைத் திறந்தே நீட்டினார். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. குரும்பகரம் மதகைக் கேட்டேன். இரண்டே நொடியில் அதன் உயரம் திரையில் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் அசல் தாளை எடுத்து வரச் சொன்னேன். டிராஃப்ட்ஸ்மேன் காதர் பாட்சா அதைத் திருப்பிப் பிடித்தார்.

"பின்னால பாருங்கம்மா. வெள்ளத்துக்கப்புறம் மதகை ஒரு அடி ஒசத்துனதைப் பென்சில்ல குறிச்சிருக்கோம். முன்பக்கத்துல நாங்க கை வைக்கிறதில்ல."

"பின்பக்கத்தை யாருங்க பாப்பாங்க?" என்றார் வந்தவர்.

"தண்ணி பாக்கும் தம்பி."

திரையில் வந்தது முன்பக்கத்துப் பழைய உயரம்தான். நான் கையெழுத்துப் போடவில்லை. "கம்ப்யூட்டர்னா பயமா மேடம்?" என்று மேலதிகாரி எல்லோர் முன்னிலும் கேட்டார். பயமில்லை, சந்தேகம்தான். தாள் போயிருந்தால் நாளை அந்த மதகைத் திரும்பக் கட்டும்போது தப்பான உயரத்தில் கட்டுவார்கள். குரும்பகரம் வயல்கள் மூழ்கும். இன்னும் நானூறு தாள்களைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதுவரை தாள்கள் இருக்கும் பீரோவின் சாவி என் கைப்பையில்தான். அதனால் இந்த மாதம் வர இயலாது. கவலைப்படாதீர்கள்.

அலமாரி மேல்தட்டில் இருக்கும் பூதக்கண்ணாடியை அனுப்புங்கள். உங்கள் பழைய சால்வையையும் வைத்தால் நல்லது, மழைக்குளிர் இருக்கிறது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. உங்கள் சென்ற கடிதத்தையும் பழக்கத்தில் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலியாக இருந்தது. இனி அங்கேயும் எழுதுங்கள்.

ஞானசௌந்தரி