நான் சுரண்டிய ஓடை

நேற்று முடிவெட்டப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்குத் தலைச்சாயம் குழைத்தார்கள். அம்மோனியா வாடை குப்பென்று ஏறியது. என் கண் கலங்கியதைப் பார்த்துக் கடைக்காரர், “மருந்து நெடிங்கய்யா, செத்த நேரத்துல போயிரும்” என்றார். நானும் தலையாட்டிவைத்தேன். ஆனால் என் முன்னால் நின்றது நம் நகரமைப்பு அலுவலகத்தின் பின்னறை. அம்மோனியாவில் வரைபடங்களை நகலெடுக்கும் இயந்திரம், அதிலிருந்து ஈரமாக வெளியே வரும் தாள்கள், மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு அவற்றை வாங்கும் நீ.

நாம் இருவரும் ஒரே நாளில் வரைவாளர்களாகச் சேர்ந்தோம். நான் தாடிக்கொம்புப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை. நீ பேகம்பூர்க்காரன், உன் அத்தா தோல் மண்டியில் வேலை பார்த்தார். ஊர் எந்தப் பக்கம் வளரலாம், எங்கே வீடு, எங்கே சாலை என்று காட்டுகிற படங்களை வரைவது நம் வேலை. எனக்கு அது சம்பளம். உனக்கு அப்படி இல்லை. பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கிற ஊர்ப் படங்களையெல்லாம் வாங்கி வருவாய். பாரீஸ் நகரத்தின் படத்தை என் மேசையில் விரித்துவைத்து நீ பேசியது நினைவிருக்கிறது.

“பாத்தியா மாப்ள, எம்புட்டு அகலமான ரோடு. பழைய வீடுகள இடிச்சுட்டுத்தான் போட்டாய்ங்க. நின்னு பாத்தா அழகுதான். அங்கன குடியிருந்தவன் எங்க போனான்னு இந்தப் படத்துல இருக்கா?”

பிரேசிலில் வெறும் நிலத்தில் புதிதாகக் கட்டிய தலைநகரத்தைப் பற்றியும் சொன்னாய். மேலிருந்து பார்த்தால் பறவை சிறகு விரித்தது போலிருக்குமாம். “நடந்து போறவன் மேலருந்தா பாக்குறான்?” என்று கேட்டுவிட்டு நீயே சிரித்துக்கொண்டாய்.

பிறகு அந்த மனைப்பிரிவு வந்தது. ஊருக்குத் தெற்கே இரண்டு குளங்களை இணைக்கிற ஓடை. கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும், ஆடுகள் மேயும். அதன் மேலேயே மனைகள் பிரித்து ஒப்புதலுக்குக் கொடுத்திருந்தார்கள். அடிப்படைப் படத்தில் ஓடை இருந்தால் ஒப்புதல் கிடைக்காது. அதிகாரி உன்னைக் கூப்பிட்டு, அதை எடுத்துவிட்டுப் புதுப் படம் தரச் சொன்னார். நீ அவர் முன்னாலேயே பேனாவை மூடி வைத்தாய்.

“தண்ணி வர்ற பாதைங்க சார். நாம எடுத்தா அது போயிருமா?”

அடுத்த மாதம் உனக்கு ராமநாதபுரத்துக்கு மாறுதல் வந்தது. நீ போன மறுநாள் அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது. என் மனைவி அப்போது நிறைமாதம். மாறுதலை நினைத்துப் பயந்தேன். மையால் போட்ட கோட்டைத் தாள் கிழியாமல் பிளேடால் சுரண்டி எடுப்பதில் நான் கெட்டிக்காரன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அரை மணி நேரம் ஆனது. ஓடை இருந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, அதன் மேல் மனைக் கட்டங்களைப் போட்டேன். உனக்கு எழுதிய கடிதங்களில் குழந்தை பிறந்ததைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

ஓய்வு பெற்று நீ ஊருக்குத் திரும்பியபோது அங்கே தெருக்கள் வந்துவிட்டிருந்தன. உன் மகளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளோடு அங்கேதான் வீடு வாங்கப்போகிறார்கள், நீயும் அவர்களோடு போகிறாய் என்று டீக்கடையில் வைத்துச் சொன்னாய். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அங்க வேணாம் மாப்ள.”

“ஏன், ஓடையின்னா? எனக்குத் தெரியாதா?” என்றாய். “பிள்ள பத்து எடம் பாத்துட்டா. அவுக கையில இருக்கிறதுக்கு அதுதான் கெடைச்சிருக்கு. வாடகை வீட்டுல எத்தன தடவ சாமான் தூக்குவா?”

அப்போதுதான் சொன்னேன். நான்தான் சுரண்டினேன் என்று. நீ டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

“தெரியும் மாப்ள. ராம்நாட்டுக்கு ஒரு நகல் வரவழைச்சுப் பாத்தேன். சொரண்டுன எடத்துல ஒரு பிசிறு விழல. நம்ம ஆபீஸ்ல வேற யாருக்கு அந்தக் கை?”

மன்னித்துவிடு என்றேன். “எங்கிட்ட ஏன் கேக்குற? அங்க குடியிருக்கிறவுகள்ட்டக் கேளு” என்றாய். குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகும் நாம் தினமும் டீ குடித்தோம். நீ அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. நானும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

நீங்கள் அங்கே குடிபோன வருடம் ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் மதியம் மேல் குளம் நிறைந்து, தண்ணீர் தன் பழைய பாதையில் வந்தது. உங்கள் தெருவில் இடுப்பளவு. எதிர்வீட்டு அம்மாவை நீயும் மருமகனுமாக நாற்காலியோடு தூக்கி மாடியில் சேர்த்தீர்கள். அவருடைய மாத்திரைப் பை கீழேயே தங்கிவிட்டது. அதை எடுக்க நீ இறங்கினாய். சாக்கடை மேல் போட்டிருந்த கல் பெயர்ந்து போயிருந்தது கலங்கல் தண்ணீரில் யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் வடிந்தபின் தெருக்கோடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உன்னைக் கண்டெடுத்தார்கள். அடக்கம் செய்த இடத்தில் நான் கடைசி வரிசையில் நின்றேன். உன் மகள் வீட்டுக்குப் போக எனக்கு ஒரு வருடம் ஆனது.

போன ஆண்டு ஊருக்குப் புதிய திட்டப் படம் தயாரிப்பதாகவும், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றும் அறிவித்தார்கள். மனு எழுதிக் கொடுத்தேன். அங்கே ஓடை இருந்தது, அதைப் படத்திலிருந்து எடுத்தவன் நான் என்று பெயர் போட்டு எழுதினேன். உனக்காக ஒன்றைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்று வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

நாலு மாதம் கழித்து அந்தத் தெருவின் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நீர்வழி ஆக்கிரமிப்பு, காலி செய்ய வேண்டும் என்று. உன் மகள் அந்தத் தாளோடு வந்தாள்.

“நீங்கதான் எழுதிக் குடுத்தீகளாமே மாமா.”

“ஆமாம்மா.”

“அத்தாவத் தண்ணி கொண்டுபோச்சு. வீட்ட நீங்க கொண்டுபோறீகளா? படத்துல இல்லாததுக்கா நாங்க கடன வாங்கிக் கட்டுனோம்? அப்ப அனுமதி குடுத்தவுகளும் அவுகதான?”

அவள் போனபின், சியோல் நகரத்தைப் பற்றி நீ சொன்னது நினைவுக்கு வந்தது. ஓடையை மூடி அதற்கு மேல் கட்டிய மேம்பாலத்தை இடித்துவிட்டு, தண்ணீரைத் திரும்ப வெளியே கொண்டுவந்தார்கள் என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். பிறகு ஒருநாள், அங்கே கடை போட்டுப் பிழைத்தவர்களும் இடம்மாற வேண்டியிருந்தது என்று படித்துவிட்டு வந்தாய். அன்று டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனாய். ஊரைக் கெடுத்தாலும் அதே ஆட்கள்தான் இடம்பெயர்கிறார்கள், திருத்தினாலும் அவர்கள்தான்.

மறுநாள் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்குப் போனேன். உன் மகள் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு வந்து மறுமுனையைப் பிடித்தாள். தெருவைத் தோண்டி, அதன் கீழேயே அகலமாக ஓடையைக் கொண்டுபோனால் வீடுகள் தப்பும்; வாசற்படிகளும் நாலு முன்னறைகளும்தான் போகும். அந்த நாலு வீட்டுக்காரர்களும் சம்மதிக்கவில்லை. மூன்று பேர் பிறகு சம்மதித்தார்கள். ஒருவர் இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. தெருக்காரர்கள் வழக்குப் போட்டு, இடிப்பதற்குத் தற்காலிகத் தடை வாங்கியிருக்கிறார்கள். அதோடு சேர்க்க ஒரு படம் வேண்டும் என்றார் வக்கீல்.

உன் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதை வரைந்தேன். கோடு முன்போல் நேராக வரவில்லை. வீட்டை இடித்தால் எத்தனை பேர் வெளியேற வேண்டும் என்று நீதிமன்றத்துக்குத் தெரியட்டும் என்று ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கிறவர்களின் எண்ணிக்கையைப் பென்சிலில் எழுதினேன். தெரு முழுவதும் முடித்தபின் அவள் குனிந்து ஒவ்வொரு வீடாகச் சரிபார்த்தாள். தன் வீட்டின் மேல் விரல் வைத்து நின்றாள்.

“எங்க வீட்டுக்கு அஞ்சு போட்டிருக்கீக மாமா.”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ரப்பரை எடுத்தேன். கை போகவில்லை. அவள் அதை என்னிடமிருந்து வாங்கி அழித்து, ஊதிவிட்டு, நாலு என்று எழுதினாள்.